கொடையாளர் எண் 4417

எழுபத்திரண்டாம் பக்கத்து வசனத்தைக் காணோம்.

ரத்தவங்கி அக்கா நோட்டுப் புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் புரட்டினாள். எழுபதாம் பக்கத்து வசனம் இருந்தது. எழுபத்தைந்தும் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய முத்தான வசனம் மட்டும் போன இடம் தெரியவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கோட்டைக் கழற்றி உதறிப் பார்த்தாள். கடைசியில் குளிர்பெட்டியைத் திறந்து ரத்தப் பைகளை ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தாள். யாரோ ஒரு நோயாளிக்கு ஏறப்போகும் பையில் ‘என் பசி உன் ரத்தத்தின் மேல் அல்ல’ என்று ஒட்டியிருந்தால் அவள் வேலைக்கே உலை வைத்துவிடும்.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரியில் ஏழு பெண்கள் கூட்டுச் சேர்ந்து ‘இரவுக்கோமான்’ என்ற தொடர் நாவலை வாங்கிப் படிக்கிறார்கள். இதுவரை இருபத்தாறு பாகம் வந்திருக்கிறது. முந்நூறு வயதான, ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவன் ஒரு மருத்துவச்சியைக் காதலிக்கிறான். இருபத்தாறு பாகமாகக் காதலித்துக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு பாகத்திலும் அவள் கழுத்துவரை குனிகிறான். பல் படுவதற்குள் யாராவது வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள். கடித்துவிட்டால் அவளும் சாகாதவளாகிவிடுவாள், கதை முடிந்துவிடும் என்பதால் எழுதுகிறவர் விடுவதாக இல்லை. படிக்கிறவர்களும் விடுவதாக இல்லை.

ஏழு பேருக்கும் ஒரே பிரதி. ஆளுக்கு ஐந்து நாள். ஓரம் மடிக்கக் கூடாது, கோடு போடக் கூடாது. மீறினால் அடுத்த பாகத்தில் அவளுக்குக் கடைசி முறை. காக்கி உறை போட்டு, மேலே ‘ரத்தச் சேமிப்பு: பாதுகாப்பு விதிகள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். தலைமை மருத்துவர் ஒருமுறை அந்த உறையைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில்கூட விதிகளைப் படிக்கிற பெண்கள் என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

கோடு போட முடியாததால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ரத்தப் பையில் ஒட்டுகிற லேபிள் சில சமயம் கோணலாக அச்சாகிவிடும். அந்த எண்ணை ரத்து செய்துவிட்டு வேறு எண்ணில் அடிப்பார்கள். அப்படிக் கழிந்த லேபிள்களில் அவள் பிடித்த வசனங்களை எழுதி நோட்டில் ஒட்டிக்கொள்வாள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் ஓடி நிற்கப் பன்னிரண்டு நிமிஷம். அக்காவுக்கு ஒரு அத்தியாயம் படிக்கவும் பன்னிரண்டு நிமிஷம். மெஷின் மணியடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையுறை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பேரில் ஒரு பிழை கிடையாது. சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்ததும் அந்தப் பன்னிரண்டு நிமிஷங்கள்தான்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் இரவுக்கோமான் நிலவறையின் கடைசிப் படியில் நின்றுகொண்டு சொல்கிறான்: ‘என் பசி உன் ரத்தத்தின் மேல் அல்ல. நீ கதவைத் திறக்கும் சத்தத்தின் மேல்.’ அதை அக்கா திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு அவள் வீட்டில் ஒருவர் தலை நிமிர்ந்து பல வருஷம் ஆகிறது.

அந்த ஒருவர் அவள் வீட்டுக்காரர். எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. பேச்சையும் அவர் நிறுத்துத்தான் செலவழிப்பார். காலையில் "சட்டை", மாலையில் "சாப்பாடு", படுக்கும்போது "லைட்டு". ஒரே மகனும் வெளியூர் வேலைக்குப் போனபிறகு அந்த மூன்று வார்த்தைகளே அந்த வீட்டின் மொத்தப் பேச்சாகிவிட்டன.

அன்று மாலை ஆறரைக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து விரலால் அழுத்தினார். அது ஒட்டிக்கொண்டது.

"இது என்ன?"

அக்கா எட்டிப் பார்த்தாள். எழுபத்திரண்டாம் பக்கம்.

"எங்கே இருந்துச்சு?"

"என் முதுகில. மூணு மார்க்கெட்ல தராசு சோதிச்சேன். நான் திரும்பினா ஒவ்வொரு கடைக்காரனும் சிரிக்கிறான். எடைக்கல்லுல ஏதோ தில்லுமுல்லுன்னு நினைச்சு ரெண்டு கடைக்குச் சீல் வெச்சுட்டேன். கடைசியில ஒரு காய்கறிக்காரம்மாதான் இதை உரிச்சுக் கையில குடுத்தாங்க."

அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி அவள் கேட்டதே இல்லை. முந்தின நாள் தன் கோட்டின் கையில் ஒட்டிக்கொண்டு வந்த லேபிள், காலையில் அவர் சட்டையைத் தேய்க்கும்போது இடம் மாறியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"லேபிள்ங்க. பையில ஒட்டறது."

"அது தெரியுது. கொடையாளர் எண் 4417-னு போட்டிருக்கே. யார் அவரு?"

இங்கேதான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் பாகத்தின் கதி அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதை வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "உனக்கு வயசென்ன?" என்று கேட்டார். மறுநாள் அது பழைய பேப்பரோடு போய்விட்டது. கூட்டத்துக்கு அவள் புதுப் பிரதி வாங்கிக் கொடுத்து, ஒரு பாகம் முழுக்கக் கடைசி முறையில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவே தெரியாத மனுஷன் இந்த வயதில் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைக்கவே அவளுக்கு எரிந்தது.

"ரத்தம் குடுக்க வந்தவர்ங்க."

"அவர் எதுக்கு இப்படியெல்லாம் எழுதணும்?"

"ரத்தம் குடுத்தா சில பேருக்குத் தலை சுத்தும். எதையாவது கிறுக்குவாங்க."

அவர் லேபிளை மேசையிலிருந்து உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு."

அது அவள் கையெழுத்து. இருபத்துநாலு வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சாப்பிட்டார். சுருக்கென்றது எங்கோ போய்விட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறைத் தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். புத்தகத்துக்கு அடுத்த முறை இந்தத் தோழியுடையது.

"அடி பைத்தியம், இது பொறாமைடி!" என்றாள் எக்ஸ்ரே. "பதினெட்டாம் பாகத்துல குதிரைக்காரன் மருத்துவச்சிக்குப் பூ குடுத்தானே, அப்ப இரவுக்கோமான் என்ன பண்ணான்?"

"மூணு கோட்டையைக் கொளுத்தினான்."

"உன் வீட்டுக்காரர் ரெண்டு கடைக்குச் சீல் வெச்சிருக்காரு!"

"அது லேபிளைப் பார்க்கறதுக்கு முன்னாடி."

"உடம்புக்குத் தெரியும்டி."

நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டாள். அன்று மாலை அவர் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றிருந்தார். வீட்டுக்கு நடந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அந்த 4417 வாரா வாரம் வருவாரா?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரத்தம் எடுப்போம்."

"மூணு மாசமா?" என்று அவர் நின்றேவிட்டார். முகம் தொங்கிப்போனது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இல்லாத ஒருவனுக்காக இந்த மனுஷன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறாரே. 4417-ஐ மரியாதையாக வழியனுப்பி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். இரவுக்கோமான் ஒவ்வொரு பாகத்திலும் ஒன்பதாம் அத்தியாயத்தில் விடைபெறுவது வழக்கம். அந்த வசனத்தையே அதே எண்ணுள்ள இன்னொரு கோணல் லேபிளில் எழுதினாள்: ‘உன் நன்மைக்காக விலகிப் போகிறேன். என்னைத் தேடாதே.’ மறுநாள் மாலை அதைத் தன் கைப்பையின் வாயில், அவர் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டி வைத்தாள்.

பட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போயிட்டாரா?"

"போயிட்டாருங்க. இனிமே வரமாட்டாரு."

"எதுக்குப் போகணும்?" குரல் கம்மியது. "நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சத்தம் போட்டேனா?"

அவர் கண் கலங்கியிருந்தது. தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அக்கா சமையலறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வருத்தப்படுவேன் என்று அவர் வருத்தப்படுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. எட்டாம் பாகத்தில், மருத்துவச்சி அழக் கூடாது என்பதற்காக இரவுக்கோமானே போய் அவளுடைய பழைய காதலனைத் தேடிக் கூட்டிக்கொண்டு வருவான். அதைப் படித்தபோது இப்படியும் ஒரு ஆண்பிள்ளை இருப்பானா என்று கேட்டவள் அவள். இப்போது அந்த ஆண்பிள்ளை உள் அறையில் பட்டினியாகப் படுத்திருக்கிறார்.

அதற்கும் அவளே வைத்தியம் பார்த்தாள். நாலாம் நாள் மூன்றாவது லேபிள் வந்தது: ‘போக முடியவில்லை. உன்னிடமே வருகிறேன்.’

அதைப் படித்த அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். குளியலறையில் பாடினார். அவருக்குப் பாட வரும் என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரியும். எதிரி எதிரில் இருந்தால்தான் வீரனுக்குத் தெம்பு வரும், பன்னிரண்டாம் பாகம் முழுக்க அதுதானே கதை என்று அதற்கும் ஒரு பாகத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டாள். பாடி முடித்து வந்தவர் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உன் பிரஷர் மாத்திரை காலையிலயா, ராத்திரியா?"

"காலையிலங்க. சாப்பிட்டதும்."

"முழங்காலுக்கு எந்தத் தைலம்?"

"பச்சை மூடி போட்டது."

"தலைக்கு எத்தனை தலையணை?"

"ரெண்டு. இதெல்லாம் எதுக்குங்க?"

"தெரிஞ்சிருக்கணும்ல?"

தராசுக்குச் சான்றிதழ் எழுதுகிற அதே பொறுப்போடு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று கேட்டார். கோபம் வந்தால் எத்தனை நேரத்தில் தணியும் என்று கேட்டார். கோபம் வந்ததையே இவர் கவனித்ததில்லையே என்று நினைத்த மறு நொடியே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அது சந்தோஷ அழுகை. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கெல்லாம் தினம் இப்படித்தான் இருக்குமோ, நமக்கு மட்டும்தான் இருபத்துநாலு வருஷம் தாமதமாகக் கிடைத்ததோ என்று அவள் குழாயடியில் நின்று பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள்.

ஐந்தாம் நாள் காலை. புத்தகம் கைமாற வேண்டிய நாள். இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி. நிலவறைக் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது, தட்டுவதற்கு அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை, இரவுக்கோமான் குனிந்துவிட்டான். இந்தத் தடவை கடித்தே விடுவான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அத்தியாயம் அது. அக்கா புத்தகத்தை மூடி எக்ஸ்ரேவிடம் நீட்டினாள்.

"கடைசி அத்தியாயம் படிச்சிட்டியா?"

"இல்லடி."

"ஐயோ! மதியம் வரைக்கும் வெச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"வேண்டாம். இனிமே என் முறையை நீங்க ஆறு பேரும் பிரிச்சுக்குங்க. அடுத்த பாகத்துக்கு என்னைச் சேர்க்காதீங்க."

எக்ஸ்ரே அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"படிச்சு ஏங்கினது போதும்டி. இன்னிக்குச் சாயந்தரம் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். 4417-னு யாருமே இல்லைங்க, உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லைங்கன்னு. பாவம், எத்தனை நாளைக்கு அந்த மனுஷனை வேக வைக்கிறது?"

சொல்லும்போது அவள் முகம் சிவந்தது. நாற்பத்தொன்பது வயதில் தன் முகம் இப்படிச் சிவக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எக்ஸ்ரே புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறாமையாகத்தான் பார்த்துவிட்டுப் போனாள். நோட்டுப் புத்தகத்தையும் அக்கா கிழித்துக் கழிவுப் பையில் போட்டாள். இருபத்தாறு பாகத்து வசனமும் அதோடு போயிற்று.

பதினொரு மணிக்கு மெஷினில் ரத்தத்தை வைத்து முடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், பதிவு கவுன்ட்டரில் அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் அவர். மகன் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரி வாசலோடு நின்றவர். இந்த ரத்தவங்கிக்குப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் வந்ததில்லை. இப்போது கவுன்ட்டரில் சாய்ந்து, குமாஸ்தாவிடம் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்கிறார். குமாஸ்தா தலையை ஆட்டுகிறார். இவர் விடாமல் கேட்கிறார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி நர்ஸின் பின்னால் நடந்துபோய்க் கட்டிலில் படுத்துவிட்டார்.

ஊசி ஏறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பர் பந்தைப் பிசைந்தார். அவருடைய ரத்தம் குழாயில் இறங்கி வருவதைக் கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த அறைக்குள் எத்தனையோ பேருடைய ரத்தத்தைக் கையில் வாங்கியிருக்கிறாள், ஒரு நாளும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. எனக்காக, எனக்காக என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் மெஷின் ஓடும்போது அறையை விட்டு நகரக் கூடாது. பத்தொன்பது வருஷமாக மீறாத விதி. படிக்கக் கையில் ஒன்றும் இல்லாத அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் நகர மாட்டேன் என்றது.

மணியடித்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள். கட்டில் காலி. பழச்சாறு டம்ளர் பாதியில் இருந்தது.

"எங்கே அவரு?"

"இப்பத்தான் கிளம்பினாருக்கா, வேலை இருக்குன்னு" என்றார் பதிவுக் குமாஸ்தா. அவர் இங்கே மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "உங்க வீட்டுக்காரர்னு ஃபாரத்துல விலாசத்தைப் பார்த்தபிறகுதான் தெரிஞ்சுது. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா மூச்சு வாங்கினாள். "என்ன கேட்டாரு உங்ககிட்ட?"

"யாரோ 4417-ஆம். அவரைப் பத்தி விவரம் வேணும்னாரு. வெளியாளுங்களுக்குச் சொல்லக் கூடாது, ரத்தம் குடுக்கறவங்களைத் தவிர யாரும் இங்கே நிக்கவே கூடாதுன்னேன். அப்ப நானும் குடுக்கறேன்னு கையை நீட்டிட்டாரு."

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கேட்க இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ரொம்பக் கோவமா இருந்தாரா?"

"கோவமா? சேச்சே. கையைக் கூப்பிக்கிட்டுல்ல கேட்டாரு."

"அந்த ஆளோட பேரு, விலாசம் எல்லாம் கேட்டிருப்பாரே?"

"அதெல்லாம் ஒண்ணும் கேக்கலைக்கா. குடி கிடி உண்டா, வேலை நிரந்தரமா, சொந்த வீடு இருக்கா, கூட்டிட்டுப் போனா கடைசி வரைக்கும் திருப்பி அனுப்பாம வெச்சுக்குவாரான்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு" என்ற குமாஸ்தா, பதிவேட்டை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு ஒரே பையன்தானேக்கா, அப்புறம் யாருக்கு மாப்பிள்ளை தேடறாரு?"